நிறுவனத்தின் நோக்கத்தோடு ஊழியர் பயிற்சியை இணைப்பது எப்படி? தொடக்கநிலைப் பயிற்சியாளர்களுக்கான செய்முறை விளக்கம்

பயிற்சித் துறையில் புதிதாகப் பொறுப்பேற்பவரிடம் மேலதிகாரிகள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, "நம் நிறுவனத்தின் நோக்கமும் பண்பாடும் பயிற்சியில் வெளிப்பட வேண்டும்" என்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றுவதால், நோக்க வாசகத்தை முதல் ஸ்லைடிலும் நிறுவனத்தின் விழுமியங்களை இரண்டாவது ஸ்லைடிலும் வைத்துவிட்டு, மூன்றாவது ஸ்லைடிலிருந்து வழக்கமான பாடத்தைத் தொடங்கிவிடும் பயிற்சிகளே அதிகம். அந்த இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்துவிட்டால் பாடத்தில் எதுவும் குறையாது என்றால், அங்கே இணைப்பு எதுவும் நடக்கவில்லை என்று பொருள்.

பாதுகாப்பும் வேண்டும், விரைவும் வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும்தான் சொல்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நேரத்தில், மேலாளர் அருகில் இல்லாதபோது, ஊழியர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதில்தான் நிறுவனத்தின் உண்மையான நோக்கம் வெளிப்படுகிறது. பயிற்சியை அந்தத் தருணத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும் என்பதே இங்கே சொல்லப்போகும் முறையின் அடிப்படை.

விளக்கத்துக்காக ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். "மக்கள் பாதுகாப்பாகவும் தடையின்றியும் மாடியேறி இறங்க உதவுவோம்" என்பது அதன் நோக்க வாசகம். உங்கள் நிறுவனம் மருத்துவமனையாகவோ வங்கியாகவோ மென்பொருள் நிறுவனமாகவோ இருந்தாலும் படிகள் மாறுவதில்லை.

படி 1: நோக்க வாசகத்தைக் கண்ணால் காணக்கூடிய செயலாக மாற்றுங்கள்

வாசகத்தில் உள்ள ஒவ்வொரு பெரிய சொல்லையும் தனித்தனியே எடுத்து, "இதை ஓர் ஊழியர் செய்வதை வீடியோவில் பதிவு செய்தால், அதில் என்ன தெரியும்?" என்று கேளுங்கள். "பாதுகாப்பு" என்பது வீடியோவில் தெரியாது. "பழுது பார்த்தபின் ஒவ்வொரு தளத்திலும் கதவு சாத்தியிருந்தால் மட்டுமே லிஃப்ட் நகர்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் டெக்னீஷியன் அதை இயக்கத்துக்கு விடுகிறார்" என்பது தெரியும். பதிவை இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, செயல் நடந்ததா இல்லையா என்பதில் ஒரே பதிலைச் சொன்னால் நீங்கள் எழுதிய வாக்கியம் சரி. ஐந்து முதல் எட்டுச் செயல்கள் போதும்; நாற்பது எழுதினால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: எழுதப்பட்ட பண்பாட்டையும் நடைமுறைப் பண்பாட்டையும் பிரித்துப் பாருங்கள்

நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் அதை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். மேலடுக்கில் இருப்பவை கண்ணுக்குத் தெரிபவை: சீருடை, அலுவலக அமைப்பு, கூட்டம் நடக்கும் விதம். அடுத்த அடுக்கில், நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விழுமியங்கள் இருக்கின்றன. அடியில் இருப்பவை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லோரும் உண்மையென்று எடுத்துக்கொண்டிருக்கும் நம்பிக்கைகள். "பழுது நீக்கத் தாமதமானால் என் பெயர்தான் கெடும்" என்பது அப்படிப்பட்ட ஒரு நம்பிக்கை. சுவரில் மாட்டியிருப்பது இரண்டாவது அடுக்கு. ஊழியரின் கையை இயக்குவது மூன்றாவது.

அந்த மூன்றாவது அடுக்கைக் கண்டுபிடிக்க, "நம் பண்பாடு என்ன?" என்று நேரடியாகக் கேட்டால் சுவரில் உள்ள பதிலே திரும்ப வரும். அதற்குப் பதிலாக, கடந்த ஓராண்டில் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துப் பாராட்டப்பட்டவர் யார், எதற்காக என்று கேளுங்கள். பதவி உயர்வு பெற்றவர்கள் எதனால் பெற்றார்கள் என்று ஊழியர்கள் நம்புகிறார்கள்? புதிதாகச் சேர்ந்தவரிடம் மூத்தவர் முதல் வாரத்தில் தனியே அழைத்துச் சொல்லும் அறிவுரை என்ன? இந்த மூன்றாவது கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். "பயிற்சியில் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் இங்கே இப்படித்தான்" என்று அந்த மூத்தவர் சொல்லும் வாக்கியத்தோடுதான் உங்கள் பயிற்சி போட்டியிடப் போகிறது.

படி 3: மோதல் தருணங்களைச் சேகரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இது சரியாக அமைந்தால் பாடத்தின் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-இல் வெளியிட்ட ஒரு முறை இதற்குப் பெரிதும் உதவும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானப்படையினரிடையே அவரும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து அது உருவானது. "நல்ல ஊழியர் எப்படி இருக்க வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, உண்மையில் நடந்த, விளைவைத் தெளிவாக மாற்றிய நிகழ்வுகளை மட்டும் கேட்டுத் தொகுப்பதே அதன் சாரம்.

வெவ்வேறு பணிநிலைகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் தனியே உட்காருங்கள். "இதைச் செய்வதா, அதைச் செய்வதா என்று நீங்கள் தடுமாறிய ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். பிறகு நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: அப்போது என்ன நிலைமை? யார் யார் இருந்தார்கள்? நீங்கள் என்ன செய்தீர்கள்? அதன் பிறகு என்ன ஆயிற்று? இடையில் குறுக்கிட்டு, "அது தவறல்லவா?" என்று கேட்டுவிடாதீர்கள். அடுத்த நிமிடமே அவர் உண்மையை விட்டுவிட்டு விதிமுறைப் புத்தகத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். சொன்னவரின் பெயர் யாருக்கும் தெரியாது என்ற உறுதியை முன்கூட்டியே கொடுங்கள். கொடுத்த உறுதியைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

நம் லிஃப்ட் நிறுவனத்தில் இப்படி ஒரு நிகழ்வு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. ஐந்தாவது தளத்தின் கதவுப் பூட்டிலுள்ள மின்தொடர்பு பழுதாகியிருக்கிறது; மாற்றுப் பாகம் மறுநாள்தான் வரும். ஒரு துண்டு ஒயரை வைத்து அந்தத் தொடர்பை இணைத்துவிட்டால் லிஃப்ட் உடனே ஓடும், ஆனால் கதவு திறந்திருந்தாலும் ஓடும். கீழே முதியவர்கள் காத்திருக்கிறார்கள். கட்டடச் செயலாளர், "ஒரு ராத்திரிக்குத்தானே, நான் பொறுப்பு" என்கிறார். அடுத்த அழைப்புக்கு ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

"மக்கள் பாதுகாப்பாகவும் தடையின்றியும்" என்ற வாசகம் அந்த நேரத்தில் டெக்னீஷியனுக்கு உதவுவதில்லை. பாதுகாப்பு ஒரு பக்கமும் தடையின்மை மறுபக்கமுமாக நின்று, ஒரே வாசகம் அவரை இரண்டு திசைகளில் இழுக்கிறது. இத்தகைய நிகழ்வுகள் ஆறேழு சேர்ந்தால், அவற்றை "எது எதோடு மோதியது" என்ற அடிப்படையில் வகைப்படுத்துங்கள். பல நிகழ்வுகள் இரண்டு மூன்று மோதல்களுக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

படி 4: எது முதலில் என்ற வரிசையை நிர்வாகத்திடமிருந்து பெறுங்கள்

சேகரித்த மோதல்களைத் தலைமை நிர்வாகத்தின் முன் வைத்து, "இந்த நிலையில் நம் ஊழியர் எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். "இரண்டும் முக்கியம்" என்ற பதிலை மரியாதையுடன் மறுத்துவிடுங்கள். பயிற்சியாளர் தன் வாழ்நாளில் காட்ட வேண்டிய துணிவில் பெரும்பகுதி இந்த ஒரு சந்திப்பில் தேவைப்படும் என்பது என் கருத்து.

வரிசைப்படுத்துவது இயலாத காரியமல்ல. டிஸ்னி பூங்காக்களின் பயிற்சியில் பாதுகாப்பு, மரியாதை, காட்சி (வருபவர் கண்ணில் படும் தோற்றமும் நிகழ்ச்சியும்), செயல்திறன் என்ற நான்கும் இதே வரிசையில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டன. இரண்டு மோதினால் வரிசையில் முன்னால் இருப்பதே வெல்லும். அதற்காக ஊழியர் யாரையும் தேடிப்போய் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1943-இல் எழுதிய கோட்பாட்டு அறிக்கையில், பொருளைப் பயன்படுத்துவோர் முதலிலும் பங்குதாரர்கள் கடைசியிலும் இடம்பெற்றார்கள். 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் அந்நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலனால் மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளை அந்நிறுவனம் திரும்பப் பெற்றது. எது முதலில் என்பது நெருக்கடிக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

படி 5: பயிற்சி தேவைதானா என்று சரிபாருங்கள்

பயிற்சிக் குறிக்கோள்களை எழுதும் முறைக்காக அறியப்படும் ராபர்ட் மேகர் முன்வைத்த ஒரு சோதனை உண்டு: உயிர் பிழைக்க இதைச் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இந்த ஊழியரால் செய்ய முடியுமா? முடியும் என்றால் அவருக்குத் திறமைக் குறைவு இல்லை. வேறு ஏதோ தடுக்கிறது. நம் டெக்னீஷியனுக்கு ஒயர் வைப்பது ஆபத்து என்று நன்றாகவே தெரியும். ஒரு நாளில் எத்தனை அழைப்புகளை முடித்தார் என்பதை வைத்தே ஊக்கத்தொகை கணக்கிடப்பட்டால், எந்தப் பாடமும் அதை வெல்லாது. அத்தகைய தடைகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். தடை நீங்கும் வரை அந்தப் பகுதிக்கான பயிற்சியைத் தள்ளிவைப்பதே நேர்மை.

படி 6: பாடத்தைத் தருணத்திலிருந்து தொடங்குங்கள்

வழக்கமான பாடம் கொள்கையில் தொடங்கி எடுத்துக்காட்டில் முடியும். இங்கே அதைத் தலைகீழாக்குங்கள். வகுப்பு தொடங்கியதும் மாலை ஏழு மணி நிகழ்வைச் சொல்லி, செயலாளர் பேசும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். "நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் முதலில் பேசுபவரின் பதிலே எல்லோருடைய பதிலாகிவிடும். எழுதியவற்றைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு முடிவாலும் யாருக்கு என்ன நேரும் என்று பேசவிடுங்கள். அதன் பிறகே நிறுவனத்தின் முன்னுரிமை வரிசையையும் நோக்க வாசகத்தையும் அறிமுகப்படுத்துங்கள். தடுமாறிய அனுபவத்துக்குப் பின் வரும் வாசகம், கேட்பவருக்கு ஒரு கைப்பிடியாகத் தெரியும்.

முடிவெடுத்தால் மட்டும் போதாது. அதை எதிரில் நிற்பவரிடம் சொல்லவும் தெரிய வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். "இன்று இரவு லிஃப்டை இயக்க முடியாது" என்பதைக் கோபமும் பயமும் இல்லாமல் எப்படிச் சொல்வது? மாடிப்படி ஏற முடியாத முதியவருக்கு என்ன மாற்று ஏற்பாட்டைக் கேட்கலாம்? அலுவலகத்தில் யாரை அழைக்க வேண்டும்? இதற்கு, 1940-இல் அமெரிக்காவில் போர்க்கால ஆலைகளுக்காகத் தொடங்கப்பட்ட தொழிற்பயிற்சித் திட்டத்தின் நான்கு நிலைகள் இன்றும் போதுமானவை: கற்பவரை ஆயத்தப்படுத்துதல், செய்து காட்டுதல், செய்துபார்க்க வைத்தல், பின்தொடர்தல். ஒருவர் செயலாளராகவும் மற்றவர் டெக்னீஷியனாகவும் நடிக்க, குறைந்தது மூன்று முறையாவது ஒவ்வொருவரும் அந்த உரையாடலைப் பேசிப் பார்க்க வேண்டும். முதல் முறை எல்லோரும் திணறுவார்கள். மூன்றாவது முறையில் சொற்கள் அவரவருடையவையாக மாறிவிடும்.

படி 7: ஊழியருக்கு முன் மேற்பார்வையாளரைத் தயார்படுத்துங்கள்

பயிற்சியில் கற்றது பணியிடத்தில் பயன்படுகிறதா என்பது, கற்பவரின் இயல்பு, பயிற்சியின் அமைப்பு, பணிச்சூழல் ஆகிய மூன்றையும் பொறுத்தது என்று ஆய்வாளர்கள் டிமதி பால்ட்வினும் கெவின் ஃபோர்டும் 1988-இல் எழுதினார்கள். பணிச்சூழலின் பெரும்பகுதி ஊழியருக்கு ஒரே ஒரு மனிதர்தான்: அவருடைய மேற்பார்வையாளர்.

டொயோட்டா ஆலைகளில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் உற்பத்தி வரிசையை ஒட்டித் தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம் என்ற முறை நெடுங்காலமாக இருந்தது. குறை உரிய நேரத்துக்குள் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கயிற்றை இழுக்கக் கற்றுக்கொடுப்பது கடினமல்ல. இழுத்தவுடன் வரும் குழுத் தலைவர் உதவும் முகத்தோடு வருகிறாரா, கடிந்துகொள்ளும் முகத்தோடு வருகிறாரா என்பதே அடுத்த முறை இழுக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தனி வகுப்பு வையுங்கள். "லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டேன்" என்று இரவில் அழைப்பு வந்தால் தாங்கள் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை அவர்களும் பேசிப் பழகட்டும்.

படி 8: இடைவெளி விட்டு நினைவூட்டுங்கள், பிறகு அளவிடுங்கள்

கற்றதன் பெரும்பகுதி விரைவிலேயே மறந்துபோகும் என்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பதையும் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே காட்டிவிட்டார். ஆகவே ஒரு நாள் முழுதும் நடத்துவதைவிட, அரைநாள் வகுப்பும் அதைத் தொடர்ந்து ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து வாராந்தரக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒரு புதிய நிகழ்வும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அளவிடுவதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 முதல் எழுதிய கட்டுரைகளில் விளக்கிய நான்கு நிலைகளே பரவலாகப் பயன்படுகின்றன: பங்கேற்றவரின் கருத்து, கற்றது, பணியில் நடத்தை, விளைவு. பல நிறுவனங்கள் முதல் நிலையோடு, அதாவது வகுப்பு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவத்தோடு, நின்றுவிடுகின்றன. நமக்கு மூன்றாவது நிலையே முக்கியம். படி 1-இல் எழுதிய செயல்களை எடுத்துக்கொண்டு, பயிற்சிக்கு முன்பும் மூன்று மாதங்களுக்குப் பின்பும் அவை எத்தனை முறை நடந்தன என்று பணியிடத்தில் நேரில் சென்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. பயிற்சி பலித்தால், "பாதுகாப்புக்காக நிறுத்தி வைத்தேன்" என்ற பதிவுகள் முதல் சில மாதங்களில் கூடும். அதைப் பார்த்து நிர்வாகம் கலங்கக்கூடும். முன்பு மறைக்கப்பட்டவை இப்போது வெளியே வருகின்றன என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே எழுத்தில் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் நீங்கள் சொல்லப்போகும் நிகழ்வு அவற்றிலிருந்தே கிடைக்கும்.