ஹாலை அலங்கரிக்கும் முன்: பணத்தை வீணாக்கும் சில தவறுகள்

புது சோபா வந்து இறங்கிய பிறகும் வீட்டுப் பாட்டி பழைய பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால், அந்த ஹாலில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். இதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பாட்டிக்குப் பிடிவாதம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஓர் அளவு நாடாவை எடுத்து அந்த சோபாவை அளந்து பாருங்கள். இருக்கையின் உயரம் 15 அங்குலம். ஆழம் 24 அங்குலம். முதுகு சாய்த்து உட்கார்ந்தால் பாட்டியின் கால் தரையில் பாவாது. எழ வேண்டுமென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். மூட்டுவலி உள்ள ஒருவர் அப்படிப்பட்ட இருக்கையை ஒதுக்கத்தான் செய்வார்.

ஹால் அமைப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எப்போதோ வரும் விருந்தாளியையும் கைப்பேசியில் பார்த்த படத்தையும் மனத்தில் வைத்து அறையை அமைக்கிறோம். காலை முதல் இரவு வரை அங்கே புழங்குபவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நம் வீடுகளில் ஹால் என்பது பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் இடம். தாத்தா செய்தித்தாள் படிக்கும் இடம். கீரை ஆயும் இடம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் பாய் விரித்துப் படுக்கும் இடம். பல வீடுகளில் புரட்டாசி பிறந்தால் கொலுப்படி ஏறும் இடமும் அதுதான். இவ்வளவுக்கும் இடம் கொடுக்க வேண்டிய அறையை உட்காருவதற்கு மட்டுமானதாக எண்ணிப் பொருள்களை வாங்கிக் குவிப்பதுதான் முதல் தவறு.

தரையை அளக்காமல் சோபா வாங்குவது

சென்னையின் நடுத்தர அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹால் 10 அடிக்கு 15 அடி, அதாவது 150 சதுர அடி. அதில் 9 அடிக்கு 6 அடி எல் வடிவ சோபா போட்டால் 36 சதுர அடி போய்விடும். நடுவில் 4 அடிக்கு 2 அடி டீப்பாய் 8 சதுர அடி. டிவி யூனிட் ஏழெட்டு சதுர அடி. ஆக, 50 சதுர அடிக்கு மேல் முடிந்தது. மிச்சம் 100 சதுர அடி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வாசல் கதவு, சமையலறைக்குப் போகும் வழி, படுக்கையறைக் கதவு, பால்கனிக் கதவு என்று இந்த ஹாலுக்கு நான்கு திறப்புகள் இருக்கும். ஒருவர் தண்ணீர்ச் சொம்புடன் இடிபடாமல் நடக்க இரண்டரை அடி அகலமாவது வேண்டும். அந்த நடைபாதைக்கு இன்னொரு 40 சதுர அடியை ஒதுக்கினால், கையில் நிற்பது 60 சதுர அடி. அதுவும் ஒரே இடத்தில் கிடைக்காது, மூலைக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும்.

கடையில் இந்த நெருக்கடி தெரியாது. அங்கே அறை பெரிது, கூரை உயரம், சுற்றிலும் காலி இடம். எந்த சோபாவும் அங்கே அடக்கமாகத்தான் தெரியும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வாங்க நினைக்கும் சோபாவின் அளவுக்குப் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் அதை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். துணி காயப்போடப் பால்கனிக்குப் போகும்போதும், இரவில் கதவைப் பூட்டப் போகும்போதும் எங்கே ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். படிக்கட்டுத் திருப்பத்திலும் லிப்ட்டிலும் அந்த சோபா நுழையுமா என்பதையும் அப்போதே அளந்துகொள்ளுங்கள். மூன்று பேர் அமரும் சோபா பெரும்பாலும் ஆறரை அடிக்குக் குறையாது. ஒரே துண்டாக இருந்தால், லிப்ட்டில் நிறுத்திவைக்கவும் உயரம் போதாமல் போகலாம்.

என்னைக் கேட்டால், சிறிய ஹாலில் எல் வடிவ சோபா வேண்டாம் என்றே சொல்வேன். அது ஒரு மூலையில் நிலையாகக் குடியேறிவிடுகிறது. கொலுவுக்கு நகர்த்த முடியாது, அடியில் பெருக்க முடியாது. மூன்று பேர் அமரும் ஒரு சோபா, தூக்கி மாற்றிப் போடக்கூடிய இரண்டு பிரம்பு நாற்காலிகள், தேவைப்பட்டால் ஒரு திவான். இந்தச் சேர்க்கையில் அதே எண்ணிக்கை ஆட்கள் உட்காரலாம். பத்துப் பேர் தரையில் உட்கார வேண்டிய நாளில் நாற்காலிகளைப் பால்கனிக்குத் தள்ளிவிடலாம். டீப்பாயைச் சுவரோரம் ஒதுக்கிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. காலித் தரைதான் ஒரு ஹாலின் மிகப் பெரிய வசதி என்பது என் உறுதியான கருத்து.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது

இருக்கையின் உயரம் 17 முதல் 18 அங்குலம், ஆழம் 20 முதல் 22 அங்குலம் இருந்தால் வீட்டில் பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில், ஊன்றி எழுவதற்குக் கெட்டியான கைப்பிடி கட்டாயம் வேண்டும். கடைக்கு அவர்களையும் அழைத்துப்போய் முதுகு சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். கால் தரையில் பாவுகிறதா, கை கொடுக்காமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதாது, பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். சில சோபாக்கள் உட்கார்ந்தவுடன் மெத்தென்று சுகமாக இருக்கும். சிறிது நேரத்தில் இடுப்பு உள்ளே புதைந்து வலிக்கத் தொடங்கும்.

உறைத் துணியில்தான் நம் தட்பவெப்பத்தை மறந்துவிடுகிறோம். தோல் போலவே இருக்கும் செயற்கைத் தோல், கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்குச் சற்றும் பொருந்தாது. மே மாதத்தில் முதுகில் ஒட்டிக்கொள்வது ஒரு தொல்லை. அதைவிடப் பெரியது, அது உரிந்து கொட்டுவது. மேற்பூச்சாக இருக்கும் பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதைகிறது. கைப்பிடியில் சிறு வெடிப்பாகத் தொடங்கும். பிறகு, உட்கார்ந்து எழுபவரின் வேட்டியிலும் புடவையிலும் கருஞ்செதில்கள் ஒட்டும். அந்த நிலைக்கு வந்தபின் எந்தப் பாலிஷும் பலன் தராது. உறையை முழுவதுமாக மாற்ற வேண்டும்.

வெளிர் நிறத் துணி சோபாவில் சிக்கல் வேறு. தேங்காய் எண்ணெய் தடவிய தலைகள் சாயும் இடத்தில் சில மாதங்களில் பழுப்பு வட்டங்கள் விழுந்துவிடும். அதை மறைக்கத் துண்டு போடுவோம், துண்டு நழுவும், அவ்வளவு செலவு செய்து வாங்கியதன் அழகு அந்தத் துண்டுக்குக் கீழே போய்விடும். எண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை. கழற்றித் துவைக்கக்கூடிய உறையாக வாங்க வேண்டும், அல்லது அந்த நிறத்தையே தவிர்க்க வேண்டும். மரச்சட்டத்தில் தனித்தனி மெத்தைகள் போட்ட பழைய பாணி சோபாவை நான் இன்றும் பரிந்துரைக்கிறேன். மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போடலாம், உறையைத் துவைக்கலாம், நுரை அமுங்கிவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். சட்டம் தேக்காக இருந்தால் பேரன் காலம்வரை நிற்கும்.

விசிறியை மறந்த கூரை

கான்கிரீட் கூரைக்குக் கீழே அழகுக்காக இன்னொரு கூரை, அதாவது ஃபால்ஸ் சீலிங், போடலாமா என்ற கேள்விக்கு, முதலில் கூரையின் உயரத்தைச் சொல்லுங்கள் என்பதே பதில். தரையிலிருந்து கான்கிரீட் கூரை ஒன்பதரை அடி என்றால், அரை அடி இறக்கிய பிறகு மிஞ்சுவது ஒன்பது. அதிலிருந்து ஓரடியாவது விசிறி கீழே தொங்க வேண்டும். இறக்கைகள் கூரையை ஒட்டியிருந்தால் மேலிருந்து காற்றை இழுக்க வழியில்லாமல் வெறும் சத்தம்தான் வரும். ஆக, இறக்கைகள் எட்டடி உயரத்தில் சுற்றும். திவான்மேல் ஏறி நின்று கையைத் தூக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஆபத்து. அறை முழுவதும் இறக்காமல், சுவரோரங்களில் மட்டும் இறக்கி நடுவில் விசிறிப் பகுதியை அப்படியே விடுவது நல்லது.

பலர் கவனிக்காத இன்னொன்று, கூரையில் பதிக்கும் சிறு விளக்குகளின் இடம். அவற்றில் ஒன்று விசிறி இறக்கைக்கு மேலே அமைந்துவிட்டால், விசிறி சுற்றும்போதெல்லாம் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். சுவரிலும் படிக்கும் புத்தகத்திலும் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் தலை வலிக்கும். பிறகு அந்த விளக்கை யாரும் போடமாட்டார்கள். 48 அங்குல விசிறி என்றால் அதன் மையத்திலிருந்து மூன்றடி தூரத்துக்குள் விளக்கு வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விசிறியின் இடமும் அப்படித்தான். அறையின் நடுப்புள்ளியில் மாட்டுவது வழக்கம். ஆட்களோ சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். 15 அடி நீள ஹாலுக்கு இரண்டு விசிறிகள் இருந்தால்தான் இரு பக்கமும் காற்று வரும்.

மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் வீடுகளில், மேலே நீர்க்கசிவு இருக்கிறதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்த பிறகே ஃபால்ஸ் சீலிங்குக்கான ஜிப்சம் பலகை வேலையைத் தொடங்குங்கள். பலகைக்கு மேலே கசிவது கண்ணுக்குத் தெரியாது; கறை தெரியும்போது பலகை ஊறியிருக்கும்.

விளக்கின் நிறம் குறித்து ஒரு வார்த்தை. 6500 கெல்வின் வெண்ணிற எல்இடியை மட்டுமே எல்லா இடத்திலும் போட்டால் ஹால் மருந்துக்கடை போல இருக்கும். எழுதவும் படிக்கவும் 4000 கெல்வின் விளக்கு ஒன்று, மாலையில் பேசிக்கொண்டிருக்க 3000 கெல்வின் மஞ்சள் ஒளி ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். இவ்வளவு போதும்.

சுவரும் டிவியும்

டிவியைச் சுவரின் உச்சியில் மாட்டுவது எப்படியோ பழக்கமாகிவிட்டது. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். அது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. அதற்கு மேல் போனால் கழுத்து நிமிர்ந்தே இருக்க வேண்டியிருக்கும். 55 அங்குலத் திரைக்கு ஏழடி தூரமாவது தேவை. ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால், பகலெல்லாம் திரையில் ஜன்னல்தான் தெரியும்.

ஜன்னலை மறைத்து அலமாரி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கோடைப் பிற்பகலில் சென்னையில் கடல்காற்று வீசத் தொடங்கும்போது அதை உள்ளே விடும் ஜன்னலும், எதிர்ப்பக்கம் வெளியேற ஒரு திறப்பும் இருந்தால் ஏசியின் தேவை எவ்வளவோ குறையும்.

வெளிச்சுவரின் உட்புறத்தில் ஓதம் இருந்தால் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஓரங்களில் உரிந்து, அடியில் பூஞ்சை பிடித்திருக்கும். கசிவை முதலில் சரிசெய்து, கழுவக்கூடிய எமல்ஷன் அடிப்பதே நீடித்து நிற்கும். கம்பளமும் நம் தூசுக்கும் ஈரத்துக்கும் சரிப்படாது. பவானி ஜமுக்காளம் ஒன்று விரியுங்கள். துவைக்கலாம், மடித்து வைக்கலாம், அதன் பட்டைக்கோடுகளுக்கு உள்ள அழகு எந்த இயந்திரக் கம்பளத்துக்கும் இல்லை.

திட்டத்தில் வராத பொருள்கள்

வரைபடத்தில் எல்லா ஹாலும் துப்புரவாக இருக்கும். ஏனெனில் அதில் இரண்டு ஹெல்மெட்டும், 20 லிட்டர் தண்ணீர் கேனும், பள்ளிப் பையும், செருப்புகளும், மாத்திரை டப்பாவும், இன்வெர்ட்டரும் வரையப்படுவதில்லை. குடிவந்த அடுத்த வாரம் இவை அனைத்தும் டீப்பாய்மீதும் சோபா ஓரத்திலும் வந்து சேரும். வாசலருகே ஒன்றேகால் அடி ஆழத்தில் ஓர் அலமாரி செய்து, கீழே செருப்பு, நடுவில் பை, மேலே ஹெல்மெட், பக்கத்தில் சாவிக் கொக்கி என்று ஒதுக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காற்றுப் புகாத அலமாரிக்குள் அடைக்காதீர்கள். திரவ அமில பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், காற்றோட்டம் கட்டாயம். பிளக் பாயின்ட்டுகளையும் சோபாவின் இடத்தை முடிவு செய்த பிறகே குறியுங்கள். இல்லாவிட்டால் அவை சோபாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஊஞ்சல் ஆசை உள்ளவர்கள், கொக்கியை ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் மாட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கான்கிரீட்டில், அதுவும் கட்டடப் பொறியாளர் காட்டும் இடத்தில்தான் கொக்கி இறங்க வேண்டும். முன்னும் பின்னும் மூன்றடியாவது காலி இடம் வேண்டும்.

எல்லாவற்றையும் கிரகப்பிரவேசத்துக்குள் முடித்துவிடும் அவசரத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஹோமம் நடக்கவும் உறவினர்கள் அமரவும் ஹால் காலியாக இருப்பதே வசதி. புதுத் திரைச்சீலையில் புகையும் ஏறாது. வயரிங், பெயின்ட், விசிறி, விளக்கு ஆகியவற்றை மட்டும் முடித்துக்கொண்டு குடிபோங்கள். ஓரிரு மாதம் பழைய நாற்காலிகளோடு வாழ்ந்தால், யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த மூலையில் வெயில் விழுகிறது என்பதெல்லாம் தானாகத் தெரியவரும்.

பிறகு தச்சரிடம் வேலை கொடுக்கும்போது, மொத்தத் தொகையை மட்டும் எழுதி வாங்காதீர்கள். ஓதம் ஏறக்கூடிய சுவரில் வரும் அலமாரிக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள (ஈரம் தாங்கும் வகைக்கான இந்தியத் தர எண்) பிளைவுட், மற்ற இடங்களுக்குப் பொதுப் பயன்பாட்டு வகையான ஐஎஸ் 303, சோபா இருக்கைக்கு 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி) நுரை, சாய்மானத்துக்கு 32 டென்சிட்டி என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். பலகை வந்து இறங்கும் நாளில் முத்திரையைப் பாருங்கள். நுரையை, உறை தைப்பதற்கு முன் நேரில் போய் அழுத்திப் பாருங்கள்.