துவக்கு இருக்கா எண்டு கேக்கிற சர்வேய எப்பிடி வாசிக்கிறது

வெள்ளவத்தையில ஒருத்தர் பைலோட கேற்றடியில நிண்டு "வீட்டில துவக்கு இருக்கோ" எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள்? இருந்தாலும் இல்லை எண்டுதான். அமெரிக்காவில துவக்கு வச்சிருக்கிறவை குறையினம் எண்டு நியூஸ் வந்தா முதல் இத நினையுங்கோ, பிறகு கேள்விய பாருங்கோ, "வீட்டில இருக்கா" வேற "உங்களிட்ட இருக்கா" வேற, அங்க மனுசன்மார் ஓம் எண்டுற அளவுக்கு மனுசிமார் சொல்லுறேல்ல எண்டு ஆராய்ச்சியிலயே வந்திருக்கு.

அடுத்தது, ஒரே சர்வேய வருசக்கணக்கா பாருங்கோ. ஜெனரல் சோஷியல் சர்வே எண்ட அமெரிக்க சர்வே துவக்குக் கேள்விய 1973ல இருந்து கேக்குது, அதில துவக்கு இருக்கிறது பாதியளவு வீடுகள் எண்டு இருந்தது 2014ல மூண்டில ஒண்டுக்கு வந்திட்டு. கலப் (Gallup) எண்ட கருத்துக்கணிப்புக் கம்பனி போனில கேக்கிறது, அது 40 வீதத்தைச் சுத்தி நிக்குது. ரெண்டையும் ஒட்டி ஒரு கோடு கீறாதீங்கோ (பேப்பர்காரர் கீறுவினம்).

கொரோனாவால 2021ல ஜெனரல் சோஷியல் சர்வே பெரும்பாலும் ஒன்லைனுக்கு மாறினது, அந்த இடத்தில கோடு துள்ளினா ஆக்கள் மாறினதோ கேட்ட விதம் மாறினதோ எண்டு பிரிக்கேலாது. ரெண்டு மூண்டு வீத ஏற்ற இறக்கத்தை விடுங்கோ. துவக்கு வாங்க வாற ஆக்களின்ர பின்னணிய எஃப்பிஐ (அமெரிக்க மத்திய புலனாய்வு) செக் பண்ணுற எண்ணிக்கை 1998ல இருந்து இருக்கு, ஆனா ஒரே ஆள் அஞ்சாவது துவக்கு வாங்கினாலும் அது ஏறும்.