சவரக்கத்திக்குப் புதுப் பிடி பொருத்தித் தறையாணி அடிக்கும் முறை

செங்கோட்டை, புளியரை வட்டாரத்துப் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளிலும், மூடப்பட்ட சலூன்களின் இழுப்பறைகளிலும் மடக்குச் சவரக்கத்திகள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றில் ஜெர்மனியின் சோலிங்கனிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ செய்தவையும் உண்டு. எஃகு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிடிதான் வெடித்தோ வளைந்தோ போயிருக்கும். அந்தப் பிடியை மாற்றும் வேலையை முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுத்தியலைக் கையில் எடுத்த பிறகு எந்தக் கோணலையும் சரிசெய்ய முடியாது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தி நேராக மடிவதும் உரசுவதும் துளையிலும் ஆப்பிலுமே முடிவாகிவிடுகின்றன.

பிடி என்பது இரண்டு மெல்லிய பட்டைகள். ஒரு முனையில் கத்தியின் கழுத்து அவற்றுக்கு நடுவே ஆணியில் சுழல்கிறது. மறுமுனையில் சிறிய ஆப்பு ஒன்று பட்டைகளை விலக்கி நிறுத்துகிறது. சில கத்திகளில் நடுவிலும் ஓர் ஆணி இருக்கும்.

முதலில் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, இரண்டு மூன்று சுற்றுத் தடித்த டேப்பால் மூடுங்கள். கூர் மழுங்கிய பழைய கத்திதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. பிறகு ஆணித்தலையைச் சிறிய அரத்தால் வாஷர் வரை ராவி, ஆணியைவிட மெல்லிய துளைக்குச்சியை (பஞ்ச்) வைத்து மெதுவாகத் தட்டினால் ஆணி மறுபக்கம் வெளியேறிவிடும். நெம்பி எடுத்தால் பட்டை பிளந்துவிடும். அந்தப் பட்டை உடைந்ததாக இருந்தாலும் புதியதற்கு அளவெடுக்க அது வேண்டும். பழைய பட்டை செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. சிதையும் செல்லுலாய்டு அமிலத்தன்மையுள்ள ஆவியை வெளியிட்டு, அருகிலுள்ள எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். அளவெடுத்தவுடன் அதை வீட்டுக்கு வெளியே, நெருப்புக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள்.

புதிய பட்டைக்கு எருமைக் கொம்பும் ஈட்டி மரமும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. திருவனந்தபுரத்தில் கொம்பு வேலைப்பாடு செய்யும் கைவினைஞர்கள் உண்டு; ஈட்டிக்கு, பழைய கட்டில் கால் ஒன்று கிடைத்தால் பல பிடிகள் செய்யலாம். யானைத் தந்தத்தையும் மான் கொம்பையும் நினைத்தே பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் வணிகத்தைத் தடைசெய்கிறது. எந்தப் பொருளானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் மரமும் கொம்பும் ஈரம் குடித்து ஊதும். அந்த நாட்களில் அறுத்துப் பொருத்திய பட்டை, காற்று உலர்ந்ததும் வளைந்துகொள்ளும். ஆகவே அறுத்த பட்டைகளை இரண்டு சமதளப் பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு, சில வாரங்கள் உலரவிட்ட பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

பட்டைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை முதல் 3 மி.மீ. கனம் இருந்தால் போதும். இரண்டையும் இருபக்க டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டி, பழைய பட்டையின் வடிவத்தை வரைந்து, சேர்த்தே அறுத்து, சேர்த்தே அரத்தால் ராவுங்கள். கொம்புத் தூளும் ஈட்டித் தூளும் மூச்சுக்கு ஆகாதவை, முகக்கவசம் கட்டாயம். துளைகளையும் சேர்த்தே போடுங்கள். ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி பொருந்தும். அதே அளவு பிட்டை எடுத்து, ஸ்டாண்டில் பொருத்திய டிரில்லில் செங்குத்தாக இறக்குங்கள். என் முதல் கத்திக்குக் கையில் பிடித்த டிரில்லால் துளைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்த அந்தத் துளையால் கத்தி மடியும்போதெல்லாம் இடப்பக்கப் பட்டையில் உரசியது; தீட்டி முடித்திருந்த கூர்விளிம்பில் ஒரு சிறு பள்ளம் விழுந்துவிட்டது. அதைத் தீட்டி எடுக்க இரண்டு மாலைகள் ஆயின.

இனி ஆப்பு. உண்மையில் நேரம் கேட்பது இதுதான். பழைய ஆப்பு ஈயமாக இருக்கலாம். அதை அரத்தால் ராவாமல், மரத்திலோ கொம்பிலோ புதிதாகச் செய்யுங்கள். ஆப்பு பிடியின் கடைக்கோடியை நோக்கித் தடித்தும், கத்தியை நோக்கி மெலிந்தும் இருக்க வேண்டும். அது மிக மெலிந்தால் பட்டைகள் நெருங்கிக் கத்தியைக் கவ்வும். மிகத் தடித்தால் பட்டைகள் ஆப்போடு ஒட்டாமல் இடைவெளி காட்டும். அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒரே கனமாக இல்லாவிட்டால் பிடி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஆணியடிக்கும் முன், ஆணிக்கம்பியின் கனமே உள்ள மெல்லிய நட்டு-போல்ட்டுகளால் எல்லாவற்றையும் தற்காலிகமாக இணையுங்கள். கழுத்துக்கும் பட்டைகளுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய பித்தளை வாஷர் போட மறக்க வேண்டாம். டேப்பை எடுத்துவிட்டுக் கத்தியை மிக மெதுவாக மடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாயின் இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக்கோடு தெரிய வேண்டும். வாய் ஆப்பையும் தொடக் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஆப்பை உப்புத்தாளில் ஓரிரு இழுப்பு தேய்த்து, மீண்டும் இணைத்துப் பாருங்கள். பத்து முறை கழற்ற வேண்டியிருந்தாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள். பட்டைகளுக்கு மெருகேற்றுவதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

கத்தியின் வாயை மீண்டும் டேப்பால் மூடிவிட்டு, ஆப்பு முனையிலிருந்து தறையடிக்க, அதாவது ஆணியின் இரு முனைகளையும் தட்டித் தலையாக விரிக்க, தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றி, கம்பியைச் செருகி, இரு பக்கமும் வாஷர் மாட்டி, வாஷருக்கு மேல் 0.8 மி.மீ. அளவு, அதாவது கம்பியின் பாதிக் கனம், நிற்கும்படி வெட்டி, முனைகளை அரத்தால் தட்டையாக்குங்கள். அதிகம் விட்டால் ஆணி துளைக்குள் வளையும்; குறைந்தால் தலை உருவாகாது. பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற சிறிய பட்டடையும், உருண்டைத் தலைச் சுத்தியலும் போதும். ஓங்கி அடிக்க வேண்டாம். சுத்தியலின் எடையே விழுவதுபோல, ஆணியின் நடுவில் அல்லாமல் விளிம்பைச் சுற்றித் தட்டுங்கள். நான்கைந்து தட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திருப்பி மறுமுனையையும் தட்டினால், பித்தளை மெல்ல விரிந்து, மல்லி விதை போல உருண்டு, வாஷரின் மேல் படியும். ஒலியைக் கவனியுங்கள்: தளர்வாக இருக்கும்போது கலகலக்கும் ஒலி, இறுகும்போது கெட்டியான 'டொக்' என்று மாறும். அப்போது நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் கொம்பு விரியும்.

சுழலும் முனையில் இன்னும் நிதானம் வேண்டும். இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திறந்து மூடிப் பாருங்கள். பிடியைக் கிடையாகப் பிடித்து, கத்தியைப் பாதி திறந்து விட்டால் அது தானாக விழாமல் நிற்க வேண்டும். ஆனால் ஒரு விரலால் தள்ளினால் தடையின்றி நகர வேண்டும். கூடுதலாக இறுகிவிட்டால் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடினால் ஓரளவு இளகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்த கத்தியை ஆடிச் சாரலில் ஒருமுறையும் பங்குனி வெயிலில் ஒருமுறையும் வெளிச்சத்துக்கு எதிரே மடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்து வெளிச்சக்கோடு மெலிந்திருந்தால், வாய் பட்டையைத் தொடுவதற்குள் ஆப்பு முனை ஆணியைக் கழற்றி ஆப்பைத் திருத்திவிடலாம்.