மறுத்துப் பேச ஒரு வழி

வாக்குவாதம் என்றாலே ஒதுங்கிப் போகச் சொல்லும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் நடுப்பிள்ளை, அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் பேசிப் பேசியே வளர்ந்தவள். பேசாமல் விட்ட சண்டை வட்டியோடுதான் திரும்பி வரும். அதனால் தாராளமாக மறுத்துப் பேசுங்கள். கொஞ்சம் முறையாகப் பேசுங்கள், அவ்வளவுதான்.

முதலில், சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். ரயில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் சண்டையே இல்லை, போனைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவருக்கு என்ன நிறம் என்பது விருப்பம். அதில் பேரம் பேசலாம், ஜெயிக்க முடியாது. சிக்கலானது மூன்றாவது வகை. அப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றி அண்ணனும் தங்கையும் மோதிக்கொண்டபோது வாயில் வந்ததெல்லாம் மருத்துவம். அண்ணனின் கோபமோ, தன்னைக் கேட்காமல் தங்கை தேதி வாங்கிவிட்டாள் என்பதில் இருந்தது. மருத்துவக் காரணங்களை எத்தனை அடுக்கினாலும் அந்தக் கோபம் தீராது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மறுப்பதற்கு முன், எதிராளியின் கட்சியை அவர் ஒப்புக்கொள்ளும்படி நீங்களே சொல்லிக் காட்டுங்கள். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் இப்படித்தான் செய்தார். அந்த நூலின் முதல் பகுதியான பரபக்கத்தில் ஒவ்வொரு மாற்றுக் கொள்கையையும் முதலில் எடுத்துச் சொல்லி, அப்புறம்தான் மறுக்கிறார். தன் கட்சியை விரிப்பது அதற்கும் பிறகு, சுபக்கம் என்ற அடுத்த பகுதியில். நான் அண்ணனிடம், “இந்த வயசுல ஆபரேஷன் பண்ணி அப்பா படுத்த படுக்கையாயிட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறே, அப்படித்தானே?” என்று கேட்டேன். “ஆமா. அதோட, என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல” என்றான். விஷயம் வெளியே வந்துவிட்டது. “அப்ப அப்பா வலியிலயே கிடக்கட்டும்னு சொல்றே” என்று கேட்டிருந்தால் அது குத்தல். பதிலுக்குக் குத்தல்தான் வந்திருக்கும்.

“ஏன் அப்படி நினைக்கிறே?” என்பதைவிட “அது எப்படி நடக்கும், சொல்லேன்” என்பது நல்ல கேள்வி. “ஏன்” என்று கேட்டால் மனிதர்கள் காரணங்களை அடுக்கி இன்னும் இறுகிப்போகிறார்கள். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கைல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு போன்றவை எப்படி இயங்குகின்றன என்று படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்கிப் பார்த்ததும், தமக்குத் தெரியும் என்று நினைத்த அளவைப் பலரும் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். கேள்வியை விசாரணை அதிகாரி தொனியில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதே கேள்வியை உங்களுக்கும் போட்டுப் பாருங்கள். எனக்கு அடிக்கடி வாய் அடைத்துப் போகும்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்கிறார். குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள். “அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அது அடுத்த சண்டை. போன இடத்தில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்தால் துடிப்பு குறையாது.

மற்றவை சின்ன விஷயங்கள். “எப்பவும் நீ இப்படித்தான்” வேண்டாம். பழைய கணக்கை இழுக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் வேண்டாம். குறுஞ்செய்தியில் வேண்டவே வேண்டாம், அதில் தொனி தெரியாது.

எங்கே நிறுத்துவது? “எது தெரிஞ்சா உன் எண்ணம் மாறும்?” என்று கேளுங்கள். எதுவும் மாற்றாது என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

எதிராளி இறங்கி வந்தால் “நான் அப்பவே சொன்னேன்” என்பதை விழுங்கிவிடுங்கள். தோற்றேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. உடனே அடுத்த வேலையைப் பேசுங்கள்: எந்தத் தேதி, பணத்துக்கு என்ன வழி, ஆஸ்பத்திரியில் ராத்திரி யார் தங்குவது.