டீசல் பிக்கப்பின் இரட்டை பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்குள் மூன்று பேர் தங்கள் டீசல் பிக்கப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றிலும் பானெட்டைத் தூக்கியதும் ஒரே காட்சி. ஒரு பக்கம் ஸ்டிக்கர்கூட மங்காத புதிய பேட்டரி. மறுபக்கம் வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த பழைய பேட்டரி. மூவரும் சொன்ன விளக்கமும் ஒன்றே: "ஒன்றுதான் போயிருந்தது, அதை மட்டும் மாற்றினேன். இன்னொன்று நன்றாகத்தான் இருக்கிறது." பல ஆண்டுகளுக்கு முன்பு இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விளக்கை அணைக்க மறப்பது, பிளஸ் மைனஸை மாற்றிப் பூட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டவர் மறுமுறை செய்யமாட்டார். சரியென்று நம்பிச் செய்கிற தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

வயதை மட்டும் எண்ணுவது

"வண்டியோடு வந்த பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கடும் வெயிலில் நிற்கும் வண்டியில் 3 அல்லது 4 ஆண்டு. மிதமான தட்பவெப்பத்தில் 5 அல்லது 6. நாள்தோறும் நீண்ட தூரம் ஓடி, நிழலில் நிற்கும் வண்டியில் 7, 8 ஆண்டுகளைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த எண்ணை நம்பி ஐந்தாம் ஆண்டுவரை வோல்ட் மீட்டரையே கையில் எடுக்காமல் இருப்பது தவறு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை சோதித்தாக வேண்டும்.

பேட்டரி சாவது குளிரில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைக் கொல்வது வெயில். சூடு ஏற ஏற உள்ளே தகடுகளின் அரிப்பு வேகமெடுக்கும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. கோடையில் பட்ட அடி, முதல் குளிர்ந்த காலையில்தான் வெளியே தெரிகிறது. குளிரில் பேட்டரியின் பலம் குறையும், எண்ணெய் தடித்துப்போகும், டீசல் எஞ்சினின் அழுத்தமோ பெட்ரோலைவிட அதிகமாக எதிர்த்து நிற்கும். அதற்கு முன்பே, எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக் தன் பங்கு மின்சாரத்தை இழுத்து முடித்திருக்கும்.

ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

பெரிய டீசல் பிக்கப்புகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணை இணைப்பில் பூட்டியிருப்பார்கள். வோல்டேஜ் 12தான், கொடுக்கும் கரண்ட் மட்டும் இரட்டிப்பாகும். ஆகவே அவை பெட்டியளவில்தான் இரண்டு. ஒன்றின் நோய் மற்றதற்கும் போய்ச் சேரும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால், பாரம் யார் தோளில் இறங்கும் என்பது உழவருக்குத் தெரியும்.

என் வண்டியில் ஆறாம் ஆண்டில் காலை ஸ்டார்ட் மந்தமானது. சோதித்ததில் இடப்பக்கப் பேட்டரி தேறவில்லை. அதை மட்டும் மாற்றினேன். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு காலையில் எஞ்சின் ஒரு சுற்று முனகிவிட்டு நின்றது. வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து எடுத்தேன். நான்கு நாள் கழித்து மீண்டும் அதே கதை. புதிய பேட்டரி இருக்கிறதே, அது போயிருக்க வாய்ப்பில்லை என்று முடிவுகட்டி, ஆல்டர்நேட்டர்தான் சார்ஜ் செய்யவில்லை என்று அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாளில் வண்டி மறுபடியும் படுத்துவிட்டது.

அன்று இரவு, வண்டியை நிறுத்தி மூன்று மணி நேரம் ஆன பிறகு, பானெட்டைத் திறந்து இரண்டு பேட்டரிகளின் மேலும் ஒவ்வொரு கையை வைத்தேன். புதியது குளிர்ந்திருந்தது. பழையது வெதுவெதுப்பாக இருந்தது. மூடியருகே அழுகிய முட்டை நாற்றம். எஞ்சின் ஓடாதபோது ஒரு பேட்டரி ஏன் சூடாக வேண்டும்? இரண்டையும் பிரித்துவிட்டு மறுநாள் காலை தனித்தனியே மீட்டர் வைத்தபோது விடை கிடைத்தது. பழையதில் 10.5 வோல்ட். பேட்டரிக்குள் தலா ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு செல்களில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. இணைப்பில் இருந்தபோது, புதிய பேட்டரி தன் முழு வோல்டேஜையும் மீதமுள்ள ஐந்து செல்களுக்குள் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இரவெல்லாம் பழையது கொதித்தது, புதியது வற்றியது.

அந்தப் புதிய பேட்டரியும் பிழைக்கவில்லை. பலமுறை அடிமட்டம்வரை இறங்கிக் கிடந்ததில் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிட்டது. கடையில் உத்தரவாதம் கேட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு, தயாரிப்புக் குறை இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரியே. முதலிலேயே இரண்டு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் வாங்கியது மூன்று பேட்டரி, தேவையில்லாத ஒரு ஆல்டர்நேட்டர்.

செல் ஷார்ட் ஆகாவிட்டாலும் சேதம் நடக்கத்தான் செய்யும், மெதுவாக. பழையதன் உள்தடை (கரண்டுக்குப் பேட்டரிக்குள்ளேயே வரும் எதிர்ப்பு) வேறு, புதியதன் உள்தடை வேறு. ஸ்டார்ட் செய்யும்போது புதியதே பெரும்பாரம் சுமக்கும்; நிறுத்திய பின் பழையதன் கசிவையும் அதுவே ஈடுகட்டும். வண்டியோடு வந்த ஜோடி நெடுநாள் உழைப்பதற்கு ஒரு காரணம், இரண்டும் ஒரே வகை, ஒரே வயது, ஒன்றாக வேலைக்கு வந்தவை. மாற்றும்போதும் அப்படியே மாற்றுங்கள்: ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு, தயாரிப்புத் தேதியும் நெருக்கமாக. கடையில் ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியைப் புதியது என்று சொல்ல முடியாது. தேதி முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜோடியில் ஒன்று சில மாதம் முன்புதான் வாங்கியது, மற்றது விபத்தில் உடைந்தது என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். நான் ஒத்துக்கொள்ளும் விதிவிலக்கு அது ஒன்றுதான்.

இணைத்தபடியே சோதிப்பது

மேலே சொன்ன தவறுக்கு வேர் இதுவே. இணைப்பில் இருக்கும்போது மீட்டர் காட்டுவது இரண்டின் பொதுவான வோல்டேஜ். நல்லது கெட்டதை மறைத்துவிடும். இரண்டின் மைனஸ் கேபிளையும் கழற்றிவிட்டுத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஓடி நின்றவுடன் மீட்டரை வைப்பதும் பயனற்றது. மேலோட்டமான சார்ஜ் பொய் சொல்லும். ஓர் இரவு விட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம். இதுவும் போதாது, 12.6 காட்டிக்கொண்டே பாரம் வந்ததும் சரியும் பேட்டரிகள் உண்டு. லோடு டெஸ்ட்தான் தீர்ப்பு: சி.சி.ஏ. எண்ணில் (குளிரில் ஸ்டார்ட் கொடுக்கும் திறன், ஆம்பியரில்) பாதியளவு ஆம்பியரை 15 விநாடி இழுத்தால், 21 டிகிரி வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஒன்று சாதா, ஒன்று ஏ.ஜி.எம்.

ஏ.ஜி.எம். என்பது ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய வகை. அதைச் சாதாவோடு ஜோடி சேர்க்கவே கூடாது.

ஆல்டர்நேட்டரைச் சார்ஜராக நினைப்பது

முழுவதும் இறங்கிய இரண்டு பேட்டரிகளை ஜம்ப் கொடுத்து எழுப்பி, "ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும்" என்று கிளம்புகிறார்கள். ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டில் செலவானதை ஈடுகட்டவும் ஓடும் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கவும் செய்யப்பட்டது. வெறும் கிணற்றை நிரப்பச் சொன்னால் அதன் சுருள் சூடாகிக் கருகும். தனிச் சார்ஜர் போட்டு, ஒவ்வொரு பேட்டரியாக, இரவு முழுவதும் ஏற்றுவதே முறை. திறந்து நீர் ஊற்றும் வகையானால், தகடு நீருக்கு மேலே தெரியாதவரை சார்ஜ் முடிந்த பிறகே டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியும்.

நிற்கும் வண்டியை மறப்பது

எல்லாம் அணைத்த பின்னும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டிகள் சிறிது குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர்வரை இயல்பு எனலாம். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 30 நாளில் 36. தலா 70 ஆம்பியர்-மணி கொண்ட ஜோடியில் கால்பங்கு அப்படியே காணாமல் போகும். இரண்டு மாதம் நிறுத்துபவர்கள் பராமரிப்புச் சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போகட்டும். உறைபனி விழும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். நிறைந்த பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். வற்றியது −7 டிகிரி அளவிலேயே உறைந்து வெடிப்பு விடும்.

உப்புப் பூத்த டெர்மினல்

வெந்நீரும் சமையல் சோடாவும் போதும். ஆனால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் நீண்ட கேபிள்களின் எல்லா முனைகளையும் பாருங்கள். பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை மட்டும் தேய்த்துவிட்டு மூடுகிறார்கள்.

தளர்ந்த பிடி

டீசல் அதிர்வில் தகடு உதிரும். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்குங்கள்.

"ஸ்டார்ட் ஆகிறதே, பிறகு பார்க்கலாம்"

இரண்டு பேட்டரி இருப்பதால் ஒன்று செத்தும் வண்டி சில மாதம் ஸ்டார்ட் ஆகும். அந்த மாதங்களில் அடிபடுவது பேட்டரி மட்டுமல்ல. வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றி, அதிக நேரம் கரண்ட் இழுத்துச் சூடாகிறது. அதன் காண்டாக்டுகள் தேய்கின்றன. 2003 முதல் 2007 வரை ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்காக 12 வோல்ட்டை 48 ஆக உயர்த்தும் மாட்யூல் ஒன்று உண்டு. தளர்ந்த பேட்டரியோடு ஓட்டி அதை இழந்தவர்கள் பலர்.

வழக்கமாக ஒரு விநாடியில் பிடிக்கும் எஞ்சின் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால், அன்று மாலையே மைனஸ் கேபிள்களைக் கழற்றி வையுங்கள். காலையில் மீட்டரோடு போங்கள்.