பூனையோடு வாடகை வீடு: முற்பணத்தைத் தின்னும் பிழைகள்

கிளிநொச்சிக்கு இடமாற்றம் வந்தபோது என்னோடு இரண்டு பூனைகளும் வந்தன. வீட்டுக்காரர் ரொறன்ரோவில். திறப்பு அவருக்குச் சொந்தமான ஒரு அன்ரியிடம். "பூனைதானே பிள்ளை, வளவுக்க கிடந்திட்டுப் போகட்டும்" என்றா. அந்த "வளவுக்க" என்ற சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாததுதான் என் முதல் பிழை. வன்னியில் பூனை இல்லாத வளவு குறைவு. எலிக்கும் பாம்புக்கும் அது காவல். ஆனால் அன்ரி நினைத்த பூனை விறாந்தையில் படுத்து மிச்சச் சோறு தின்கிற பூனை. என்னுடையவை கட்டிலில் படுப்பவை.

வீட்டை விடும்போது முற்பணத்தில் 25,000 ரூபா குறைந்தது. "பூனைக் காசு. இங்கையும் அப்பிடித்தான்" என்று தொலைபேசியில் சொன்னார் வீட்டுக்காரர். அவர் இருக்கும் ஒன்ராறியோவில் பூனைக்கென்று முற்பணம் வாங்கவே சட்டம் விடாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மாத வாடகை வரை வாங்கலாம். சேதம் இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும். எங்கள் பக்கம் இது பேசித் தீர்க்கிற காசு. பேசாமல் விட்டால் தீர்ப்பு வீட்டுக்காரருடையதுதான்.

ஆகவே திறப்பு வைத்திருப்பவரின் வாய்ச்சொல்லோடு நிற்கவேண்டாம். உரிமையாளருக்கே "இரண்டு பூனை, வீட்டுக்குள்ளே இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, பதிலை அழிக்காமல் வையுங்கள். காசு கேட்டால் அது திரும்பி வருமா, ஒரேயடியாகப் போகிறதா, மாதாமாதம் வாடகையோடு ஏறுகிறதா என்று அப்போதே கேட்கவேண்டும். திரும்பி வருகிற காசு என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த கடதாசியைப் பெரிதாக நம்புவது அடுத்த பிழை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். நொத்தாரிசிடம் போகும்போது பூனை பற்றிய ஒரு வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். குடிபுகும் நாளிலேயே நுளம்பு வலை, கதவடி, சுவர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். என் வீட்டில் யன்னல் வலை முதலே கிழிந்திருந்தது. படம் இல்லை. பழி பூனைக்கு.

மூத்திர மணம்தான் உண்மையான செலவு. ரைல்ஸ் போட்ட தரையில் துடைத்தால் போகும். வெறும் சீமெந்து குடித்துவிடும். நீங்கள் மூக்குப் பழகி இருப்பீர்கள், மாரி ஈரத்தில் வீடு பார்க்க வருபவர் வாசலிலேயே பிடித்துவிடுவார். மணத்தை அமுக்கப் பினைலையோ டெட்டோலையோ ஊற்றாதீர்கள். அந்த வகை மருந்துகள் பூனைக்கு நஞ்சு. மிதித்த காலை நக்கியே உள்ளே எடுத்துவிடும். நான் அரிசி ஆலையில் ஒரு உரப்பை உமி வாங்கி, அகன்ற பேசினில் போட்டு வைத்தேன். நனைந்ததை அன்றன்றே அள்ளிக் கொட்டினால் மணமில்லை. கடுவனுக்கு நலம் அடித்தால் (விதை எடுத்தால்) சுவருக்குப் பீச்சுவதும் பெரும்பாலும் நிற்கும்.

பெட்டைக்குக் கருத்தடை செய்யப் பிந்தக்கூடாது. நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம், ஒன்பது கிழமையில் குட்டி. "இரண்டு பூனை" என்று எழுதிய வீட்டில் ஆறு நிற்கும்.

பிறகு கோழிக்குஞ்சு. பக்கத்து வளவில் ஒன்று காணாமல் போனால், பருந்து தூக்கியிருந்தாலும் கணக்கு உங்கள் பூனைக்குத்தான், முறைப்பாடு உங்களிடம் வராமல் நேரே அன்ரியிடம் போகும். குஞ்சு பொரித்திருக்கிற நாட்களில் பூனையை உள்ளே அடைத்து வையுங்கள். நான் அடைக்கவில்லை. மூன்று குஞ்சுக்குக் காசு கொடுத்தேன். ஒன்றுக்குத்தான் சாட்சி இருந்தது, செட்டை வாசற்படியில் கிடந்தது.