ஆர்32 ஜிடி-ஆரில் பூஸ்ட் ஏற்றும் முன்

நிஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆரின் பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கட்டுப்படுத்தும் ஹோஸுக்குள் துளை சிறுத்த ஒரு துண்டு இருக்கும். அதைக் கழற்றினாலே பூஸ்ட் சுமார் 0.7 பாரிலிருந்து 1 பார் பக்கம் போய்விடும். காசே செலவில்லை, அதனால்தான் பலர் யோசிக்காமல் கழற்றிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த 1 பாரே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். எடை குறைவு, சீக்கிரம் சுழலும்; சூடும் வேகமும் கூடினால் உடைந்து சிதறும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்டீல் சக்கர டர்போதான் வழி.

எக்ஸாஸ்டை மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: ஃப்ரண்ட் பைப்பும் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) சைலன்சரும் அகலமானால் புகை வெளியேறத் தடையாகும் பின்னழுத்தம் குறைந்து, நீங்கள் தொடாமலே பூஸ்ட் ஏறலாம். ஆகவே முதலில் பூஸ்ட் மீட்டர், அப்புறம் எக்ஸாஸ்ட், கடைசியில்தான் பூஸ்ட். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கழற்றாதீர்கள், ஜப்பானில் வாகனச் சோதனையில் தேறாது.

30 வயது தாண்டிய கார் இது. கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) செய்து, ஆறு சிலிண்டரும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மட்டும் மேலே போங்கள். பழைய பெட்ரோல் பம்பை மாற்றிவிடுங்கள். பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டன் உருகும். பிளக் இடைவெளி 1.1 மி.மீ. இருந்தால் 0.8 ஆக்குங்கள், பூஸ்டில் பொறி அணையாது. ஜப்பானின் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு (ஆக்டேன் என்பது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) டியூன் செய்த எஞ்சின். உங்கள் ஊரில் ஆக்டேன் குறைவென்றால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் முடியும்வரை ஹோஸுக்குள் இருக்கும் அந்தத் துண்டைக் கழற்ற வேண்டாம்.